புள்ளயக் குடுங்க சாமி

டீச்சரைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரு துக்க வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சங்ககிரியிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கும் மரவள்ளிக்காட்டுக்கும் நடுவில் இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளி. அவர் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியர். எங்கள் இரண்டு பேரை விட்டால் சத்துணவு சமைக்கிற அம்மாவும் பிள்ளைகளும்தான். ஊரில் பெரிய தோட்டத்துக்காரர் ஒருவர் காலமானார். "வாங்க சார், ஒரெட்டுப் போய்த் தல காட்டிப்போட்டு வந்தர்லாம்" என்று டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

பந்தலில் பெண்களோடு உட்கார்ந்து டீச்சர் உண்மையாகவே அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இறந்தவருடைய மகனிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ பேசினார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க, இந்த சேரெல்லாம் வாடகைங்களா, சொந்தமுங்களா?"

"சொந்தந்தானுங்க டீச்சர். தோட்டத்துல கெடந்தது."

"காரியமெல்லாம் முடிஞ்ச பொறவு பள்ளிக்கொடத்துக்குக் கொஞ்சம் குடுங்க சாமி. அய்யன் பேர எழுதி வெச்சர்றேன். அவரு மடியில புள்ளைங்க உக்காந்தாப்ல இருக்குமுங்க."

உள்ளே பிணம் கிடக்கிறது, இந்த அம்மா நாற்காலி கேட்கிறார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமி எதுவும் செய்யவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் டிராக்டரில் நாற்காலிகள் வந்து இறங்கின. முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் பெரியவர் பெயர். அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் நான் இத்தனை வருஷமும் சம்பளம் வாங்கினேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட்டலில் இரண்டாவது தடவை சட்னி கேட்கக் கூச்சப்பட்டு வெறும் தோசையைத் தின்று முடிக்கிற ஆள் நான். பேருந்தில் என் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றால், அவர் இறங்கும் ஊர் எதுவென்று மனசுக்குள் கணக்குப் போடுவேனே தவிர, காலை எடுங்கள் என்று கேட்க மாட்டேன். தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து வந்தவன் என்ற மிதப்பு வேறு. அப்படிப்பட்டவனை இப்படிப்பட்டவரோடு ஒரே கட்டடத்தில் போட்டது யார் செய்த வேலையோ தெரியவில்லை.

டீச்சர் கேட்பார். எதையும் கேட்பார், யாரிடமும் கேட்பார். வீடு கட்டுகிறவரிடம் மிச்ச டைல்ஸ் கேட்பார். கோழிப்பண்ணைக்காரரிடம் ஒட்டடை அடிக்க ஆள் கேட்பார். வாக்குக் கேட்டு வந்த வேட்பாளரிடம் அவர் கழுத்தில் கிடந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குக் கை துடைக்க வைத்துவிட்டார். வாங்கின பொருளில் எல்லாம் கொடுத்தவர் பெயரை எழுதிவிடுவார். பீரோவில் ஒரு பெயர், குடிதண்ணீர்த் தொட்டியில் ஒரு பெயர், சுவர்க் கடிகாரத்தில் முள் எது எழுத்து எது என்று தெரியாதபடி ஒரு குடும்பத்தின் மொத்தப் பெயர். பள்ளியில் உபயம் என்று எழுதாத பொருள் இரண்டுதான். ஒன்று கரும்பலகை, இன்னொன்று நான். இரண்டும் அரசாங்கம் கொடுத்தவை, இரண்டிலும் கறுப்பு வெளுத்துக்கொண்டு வந்தது.

ஒரு நாள் பள்ளிக்கு எதிரே டீக்கடையில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று நின்றது. ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்தப் பெரிய லாரியைப் பார்த்ததும் டீச்சர் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டு ரோட்டைத் தாண்டினார். வண்டி மேனேஜரிடம் பழைய இரும்புக் குழாய்கள் கேட்டார். பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போட வேண்டுமாம். அவரும் சரியென்று சொல்லி, இரண்டாம் நாள் குழாய்களோடு வந்தார். வந்தவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஏனுங்க டீச்சர், உங்க பையன் எங்க வண்டியிலதான் டிரில்லரா இருக்கறாருன்னு சொல்லவே இல்லீங்களே? போன மாசம் அப்பனுக்கு ஒடம்பு முடியலைன்னு லீவு கேட்டாரு, ஆளில்லைன்னு நாந்தான் உடல. நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா அனுப்பிச்சிருப்பனுங்களே."

"அது வேறங்க, இது வேறங்க" என்றார் டீச்சர். "அந்த நீளக் குழாயும் ஒண்ணு குடுத்தீங்கன்னா கொடிக்கம்பத்துக்கு ஆகுமுங்க."

இதுதான் டீச்சர். பள்ளிக்கென்றால் வாய் நிற்காது, தனக்கென்றால் வாய் திறக்காது. அவர் வீட்டு இட்லிக் குண்டாவைப் பக்கத்து வீட்டம்மா இரவல் வாங்கிப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. அது அந்த வீட்டுத் திண்டில் வெயில் காய்வதை டீச்சர் தினமும் பார்த்துக்கொண்டே போவார். கேட்க மாட்டார். டிபன் டப்பாவில் அவருக்கு எப்போதும் தோசைதான். கணவர் சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்தார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் பேச்சுக்கும் ஆகாது. பெண்டாட்டியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பள்ளி திறக்கும் காலத்தில்தான் டீச்சரின் முழு வேகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் விடிந்தால் மஞ்சள் வேன்கள் புழுதி கிளப்பிக்கொண்டு சந்து சந்தாக நுழைந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருக்கிற பிள்ளைகளைத் தேடி நாங்கள் வீடு வீடாகப் போவோம். நான் துண்டறிக்கை அச்சடித்து வைத்திருந்தேன். நலத்திட்டங்கள், செயல்வழிக் கற்றல், திறன் வகுப்பறை என்று வரிசையாக ஒப்பிப்பேன். கேட்கிறவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள். டீச்சர் வாசலில் நின்று ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"புள்ளயக் குடுங்க சாமி. நான் பாத்துக்கறேன்."

பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கூடவே ஒரு கேள்வி வரும். அது என்னைப் பார்த்து வரும்.

"சாரோட பாப்பா எங்கீங்க படிக்குது?"

என் மகள் மஞ்சள் வேனில் போகிறவள். என் மனைவி எடுத்த முடிவு அது, எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் இலாகா என்னிடம் இருந்ததில்லை. இந்தக் கேள்வி வந்தவுடன் எனக்கு இருமல் வரும், அல்லது கட்டுத்தறியில் இருக்கும் வெள்ளாடு மிகவும் பிடித்துப்போய் அதைத் தடவிக் கொடுக்கப் போய்விடுவேன். டீச்சர்தான் காப்பாற்றுவார்.

"அது அவிங்க ஊட்டம்மா பண்ற சோலிங்க. சாருக்கு ஊட்ல ஓட்டு இல்லீங்க. என்ற பையன் இங்கதானுங்க படிச்சான், எங்கிட்டயேதான்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண் சிரிக்காமல் பதில் சொன்னாள். "அதானுங்க டீச்சர், ரிக்கு வண்டிக்குப் போயிட்டாரு."

டீச்சர் அந்த வீட்டுப் பிள்ளையையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். ஆனால் பள்ளிக்குத் திரும்புகிற வழியில், பிள்ளை இருக்கிற இரண்டு வீட்டைக் கவனிக்காமலே தாண்டிப் போனார். மழை வரும் போலிருக்கிறது என்று நான் சொல்லிவைத்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தப் பெண் சொன்னதில் வேறொரு குத்தலும் இருந்தது. மகனுக்கு முப்பது தாண்டிக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளைகள் கொட்டிக் கிடக்கிறார்கள், பெண்தான் கிடைப்பதில்லை. பெண்கள் எல்லாம் படித்துவிட்டு நல்ல வேலையில் இருக்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் தெலங்கானாவிலோ சத்தீஸ்கரிலோ பாறையைத் துளைத்துக்கொண்டு கிடக்கிறவனுக்குக் கழுத்தை நீட்டு என்றால் யோசிக்கத்தானே செய்வார்கள்? டீச்சர் தினமும் எத்தனையோ வீட்டு வாசல் ஏறி இறங்குகிறவர். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. நான்கூட இரண்டு மூன்று தடவை சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "பள்ளிக்கொடத்துப் பேரச் சொல்லி உள்ள போயிட்டு, சொந்தக் காரியம் பேசறதுங்களா சார்?" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் அவர் கணவர் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். பட்டறைக்கு வந்து போகிற ஒருவர், பக்கத்து ஊரில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னாராம். ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறார்கள். இடையில் தரகர் கிடையாது.

"டீச்சரு கேக்க மாட்டா சார். எனக்கு வாய் வராது. நீங்க படிச்சவரு, வந்து நாலு வார்த்த பேசிக் கேட்டுக் குடுங்க."

சட்னி கேட்கத் தெரியாதவனிடம் வந்து பெண் கேட்டுக் கொடு என்கிறார். ஆனால் படிச்சவரு என்ற சொல் எனக்குள் இருந்த மிதப்பைத் தட்டி எழுப்பிவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான்கு நாளும் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "உங்க பொண்ண எங்களுக்குக் குடுக்கோணும்" என்று கண்ணாடியிடம் கேட்டதைப் பார்த்த என் மனைவி, யாருக்கு என்று கேட்டாள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

இன்னொரு விஷயமும் அந்த வாரம் என் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பார்கள். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை குறைந்தது. ஒரே ஒரு பிள்ளை. அது கிடைக்காவிட்டால் என் பணியிடம் உபரி என்று எழுதி, என்னைத் தூக்கி மாவட்டத்தின் அந்தக் கோடியில், கெங்கவல்லிப் பக்கம் போட்டுவிடுவார்கள். வீட்டை இங்கே வைத்துக்கொண்டு அங்கே போய்வர முடியாது. அதனால் எங்கே போனாலும் பையில் சேர்க்கைப் படிவம் வைத்திருந்தேன். கல்யாணமோ கருமாதியோ, படிவம் இல்லாமல் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குப் பெண் வீட்டில் இருந்தோம். டீச்சர், கணவர், மகன், நான். மகன் புதுச் சட்டையில் கசங்காமல் உட்காரப் பாடுபட்டான். நல்ல மரியாதை. நிலக்கடலை, எள்ளுருண்டை, முறுக்கு, நெய் மணக்கும் ஒப்பிட்டு என்று தட்டு நிரம்பி வந்தது. பெண் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மில் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவள். தலையைக் குனியாமல் மகனைப் பார்த்து நேராகவே கேட்டாள்.

"ராத்திரியெல்லாம் வண்டி ஓடுமுங்களே, அந்தச் சத்தத்துல தூக்கம் வருங்களா?"

"சத்தம் ஓடுனா நல்லாத் தூங்குவனுங்க. நின்னுபோச்சுன்னாத்தான் முழிப்பு வரும்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்பாடா, இது நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. கூடத்தில் எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் பேச்சு நின்று ஒரு நல்ல அமைதி வந்தது. பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு டீச்சரின் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். கேட்க வேண்டிய நேரம் அதுதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்பறம்ங்க..." என்றேன்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கண்ணாடி முன்னால் ஒழுங்காக வந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட வரவில்லை.

"இந்தப் பக்கம் மழை கிழை உண்டுங்களா?" என்றேன்.

பெண்ணின் அப்பா ஏமாந்துபோய் மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து ஒரு சிறுமி ஓடிவந்தாள். பெண்ணின் அண்ணன் மகள். டீச்சரின் முகத்தில் அதுவரை இருந்த கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. கையை நீட்டினார், பிள்ளை ரொம்ப நாள் பழகின மாதிரி வந்து மடியில் ஏறிக்கொண்டது.

"இந்தச் சாமி எந்தப் பள்ளிக்கொடம் போகுதுங்க?"

"இன்னும் சேத்தலீங்க. வேன்ல ஏத்துனா வாந்தி எடுக்குது. அதான் என்ன பண்றதுன்னு ரோசன பண்ணிட்டிருக்கறோம்" என்றாள் பிள்ளையின் அம்மா.

அவ்வளவுதான். டீச்சர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். வேன் எதற்கு, வண்டியில் ஐந்து நிமிஷம் என்றார். ஊஞ்சல் இருக்கிறது என்றார். மதியம் முட்டை என்றார், சோற்றைத் தானே பிசைந்து ஊட்டுகிறேன் என்றார். பிள்ளையிடம் ஒரு பாட்டைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எல்லாரையும் கை தட்ட வைத்தார். கடைசியில் பெண்ணின் அப்பாவைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டே கேட்டார்.

"உங்க ஊட்டுப் புள்ளய எங்களுக்குக் குடுத்துருங்க சாமி. நான் கண்ணாட்டம் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? டீச்சர், நாம் வந்த காரியம் வேறு என்று காதில் சொல்லியிருக்க வேண்டும். நான் பையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். பேனாவையும் மூடி கழற்றி நீட்டினேன். கெங்கவல்லிப் பேருந்து கண்ணுக்கு முன்னால் வந்து போனது, அதில் நான் இல்லை.

"சரிங்க டீச்சர், உங்களுக்கே குடுத்துட்டோம்" என்று பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே தன் மகனைக் கையெழுத்துப் போட வைத்தார். அண்ணன்காரர் பிறந்த தேதி பார்க்க உள்ளே போய் வந்தார். படிவம் முடிந்தபோது யாரோ கடிகாரத்தைப் பார்த்து, மணி நாலரை, ராகு காலம் பிறந்துவிட்டது என்றார்கள். ராகு காலத்தில் எவன் பெண் கேட்பான்? எல்லாரும் எழுந்துகொண்டோம். சொல்லி விடுகிறோம் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

திரும்புகிற வழியில் காரை மகன்தான் ஓட்டினான். ஊர் எல்லை தாண்டியதும் கேட்டான். "ஏம்மா, புள்ளயக் கேட்டதெல்லாஞ் சரி. பொண்ணு?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "சாரு கேப்பாருன்னு இருந்தனே!"

"நீங்க ஆரம்பிச்சிட்டீங்களேன்னு..." என்றேன் நான்.

"ஒப்பிட்டு நல்லாருந்துது" என்றார் கணவர்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து ரோட்டைப் பார்த்து ஓட்டினான். இரண்டு நாளில் வண்டியிலிருந்து ஆள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு ஆடியும் பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். பெண் கேட்பது போனில் கேட்கிற காரியமும் இல்லை. ஆவணி பிறந்ததும் பெரிய மனிதர்களாக இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அந்த ஆடி மாதம் முழுக்க அந்தப் பெண்தான் ஸ்கூட்டரில் வந்து பிள்ளையை விட்டுப் போனாள். வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள். "வாரேனுங்க டீச்சர்" என்பாள். டீச்சர் பிள்ளையின் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க கண்ணு" என்பார். இரண்டு பேரும் வேறு ஏதோ சொல்ல நினைப்பது போல நிற்பார்கள். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று, கேளுங்கள் டீச்சர், கேளுங்கள் என்று மனசுக்குள் கத்துவேன். என் வாய்க்கும் அப்போது பூட்டு ஒன்றும் போட்டிருக்கவில்லை. கணக்கெடுப்பு முடிந்து என் பணியிடம் நிலைத்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஆவணி பிறந்து நாங்கள் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பாவே பள்ளிக்கு வந்தார். கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, பழம், மேலே கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளைக்குப் பெருந்துறைப் பக்கம்.

"ஆவணி மொதத் தேதியே வந்து கேட்டாங்க டீச்சர். இந்த மாசக் கடைசியிலயே வெச்சுட்டோம். நீங்க குடும்பத்தோட வரோணும்." அவர் சற்று நிறுத்திவிட்டுச் சிரித்தபடியே சொன்னார். "அன்னிக்கு நீங்க எங்க பாப்பாவக் கேட்டுருவீங்கன்னுதானுங்க ஊடே காத்துக் கெடந்துச்சு. அதுக்கும் சம்மதந்தான். நீங்க சின்னத மட்டும் கேட்டுப்போட்டுப் போயிட்டீங்க. பொண்ணு புடிக்கல போலன்னு நெனச்சோம். பொண்ணு ஊட்டுக்காரங்க நாங்களா வந்து கேக்க முடியுங்களா?"

டீச்சர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பெரியவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும், தவித்துப்போனார்.

"எங்க ஊட்டுக் கண்ணாலமுங்க. உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க டீச்சர்."

டீச்சர் தாம்பாளத்தை மேசைமேல் வைத்தார்.

"புள்ளைங்களுக்குக் காத்தே வர்றதில்லீங்க. ரெண்டு பேனு வாங்கிக் குடுங்க சாமி" என்றார்.

மின்விசிறிகள் வந்தன. ஒவ்வொரு இறக்கையிலும் சிவப்புப் பெயின்ட்டில், உபயம் என்று போட்டு, மணமகள் பெயர், மணமகன் பெயர், கல்யாணத் தேதி. பெட்டி பிரிக்காமல் கொஞ்ச நாள் பீரோ மேல் கிடந்தன. ஐப்பசி மழைக்கு ரிக் வண்டி நின்று மகன் ஊருக்கு வந்தபோதுதான் மாட்டினோம். கரண்டு வேலை தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன், அவன் மேலே ஏறி ஒவ்வொரு இறக்கையாக வாங்கி முடுக்கினான். முதல் இறக்கையை வாங்கினதும் எழுத்தைப் படித்தான். ஒட்டியிருந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்துவிட்டுக் கையை நீட்டினான். "அடுத்தத எடுங்க சார்" என்றான். நான் எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான தகரத்தைத் தூக்கினதில்லை.

சுற்றும்போது எழுத்து தெரியாது, சிவப்பாக ஒரு வட்டம் மட்டும் தெரியும். எங்கள் பக்கம் கரண்டு அடிக்கடி போகும். கரண்டு போனால் விசிறி மெதுவாகி மெதுவாகி, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கூடி, நிற்கும்போது இரண்டு பெயரும் நன்றாகப் படிக்க வரும். கரண்டு போனவுடன் டீச்சர் எழுந்து வெளியே போய்விடுவார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். புழுக்கம் தாங்காமல் போகிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்கழிக் குளிரில் ஒரு நாள் கரண்டு போனது. அப்போதும் எழுந்து போனார். அன்றைக்குத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் நிமிர்ந்து அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு, இறந்துபோன தோட்டத்துக்காரர் பெயர் எழுதின நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, சாருக்கு ஜலதோஷம் என்று மற்றவர்களுக்கு அறிவித்தது.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது நான்தான் பொறுப்பு. மகன் இன்னும் ரிக் வண்டியில்தான் இருக்கிறான், இன்னும் தனியாகத்தான் இருக்கிறான். பள்ளிக்குப் பிள்ளை கேட்டு வீடு வீடாக நான் போகிறேன். துண்டறிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வாசலில் நின்று பிள்ளையைக் கேட்கிறேன், கேட்ட கையோடு இன்னொன்றும் கேட்கிறேன்.

"கண்ணாலத்துக்குப் பொண்ணு ஏதாச்சும் இருக்குதுங்களா? நல்ல பையனுங்க. எங்க டீச்சரோட பையன்."

முதல் தடவை கேட்பதற்குள் மூன்று தடவை மழையைப் பற்றி விசாரித்துவிட்டேன். இப்போது பழகிவிட்டது. புள்ள புடிக்கிற வாத்தியாரு பொண்ணும் புடிக்கறாரு என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். சில வீடுகளில் என்னைத் தூரத்தில் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள். அதனால் பள்ளியில் சேருகிற பிள்ளைகளும் குறைகிறார்கள். இந்த வருஷக் கணக்குக்கும் இரண்டு பிள்ளைகள் போதவில்லை.

போன வாரம் எடப்பாடி ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் கேட்டேன். பெண்ணின் அம்மா கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்ப் பெண்ணிடம் பேசிவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார். அந்த வாசலிலிருந்தே டீச்சருக்குப் போன் போட்டேன். மூன்று மணிக்கே போய்விட வேண்டும், நாலரைக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும், நானும் வருகிறேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூணு, நாலரை என்று டீச்சர் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"நானே கேக்கறனுங்க சார்" என்றார் டீச்சர். பிறகு பயந்த குரலில், "ஏனுங்க சார், அந்த ஊட்ல சின்னப் புள்ளைங்க ஏதாச்சும் இருக்குதுங்களா?"

என் காலடியில் அந்த வீட்டு இரட்டைப் பிள்ளைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயது. வேன் பிடிக்காதாம், எங்கும் சேர்க்கவில்லையாம். ஒருத்தன் என் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். படிவம் இரண்டும் அதற்குள்தான் இருந்தன.

"ஒருத்தருமே இல்லீங்க டீச்சர்" என்றேன்.